மொட்டை மாடியில் வெதர் ஸ்டேஷன்: வாங்குவது முதல் மழையைச் சரியாக அளப்பது வரை

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் ஒரே இரவில் மீனம்பாக்கத்தில் ஒரு மழைக் கணக்கு, நுங்கம்பாக்கத்தில் அதில் பாதி என்று வருவது சென்னையில் சகஜம். இடையில் இருக்கும் நம் தெருவில் எவ்வளவு பெய்தது என்பதை அந்த இரண்டு எண்களையும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மழை, காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் வீட்டிலேயே அளக்கும் வயர்லெஸ் வெதர் ஸ்டேஷன் வாங்குகிறவர்களில் பலரும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் வாங்குகிறார்கள். ஆகவே இங்கே மழைக்கே முதலிடம். காற்று, வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

கருவி தவறாகக் காட்டுகிறது என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை, அதை வைத்த இடத்தில் நேர்ந்த தவறுதான். பெட்டியோடு வரும் கையேடு, புல்வெளி சூழ்ந்த வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம்மிடம் இருப்பதோ கொதிக்கும் கான்கிரீட் தளம், கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க், பக்கத்து வீட்டுத் தென்னை, காகம்.

எதை வாங்குவது

வெளியே மாட்டும் சென்சார் தொகுதி ஒன்று, வீட்டுக்குள் வைக்கும் திரையுள்ள கன்சோல் அல்லது திரையில்லாத சிறிய கேட்வே ஒன்று. இவ்வளவுதான் அமைப்பு. சென்சார் ரேடியோ அலையில் அனுப்பும், கன்சோல் அதை வைஃபை வழியாக இணையத்துக்கு ஏற்றும். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது அலைவரிசை. ஒரே மாடல் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு வகைகளில் வரும். 868 ஐரோப்பாவுக்கு, 915 அமெரிக்காவுக்கு. இந்தியாவில் 433 வகையை எடுப்பதே சரி. அமெரிக்காவில் இருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்தால், 915 வகைதான் கையில் கிடைக்கும். பிறகு இங்கே 433 சென்சார் ஒன்றைத் தனியாக வாங்கிச் சேர்க்க நினைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பேசாது. பெட்டியின் பின்புறத்தில் எண் அச்சிட்டிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

இரண்டாவது, மழைமானியின் வகை. பழைய முறை டிப்பிங் பக்கெட்: புனலில் விழும் நீர் ஒரு சிறு தொட்டியை நிரப்பும், நிரம்பியதும் அது சாய்ந்து கொட்டும், ஒவ்வொரு சாய்வும் 0.2 அல்லது 0.3 மி.மீ. என்று எண்ணப்படும். புதிய முறை, துளிகள் தகட்டில் மோதும் அதிர்வை வைத்து மழையை மதிப்பிடும் பீசோ வகை. பீசோவில் அடைப்பு இல்லை, சுத்தம் செய்யும் வேலையும் இல்லை. ஆனால் அது மழையை அளப்பதில்லை, ஊகிக்கிறது. மெல்லிய தூறலைத் தவறவிடும், கம்பம் ஆடினால் இல்லாத மழையைச் சேர்க்கும். மழைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் டிப்பிங் பக்கெட்டில் நில்லுங்கள்.

மூன்றாவது, கூடுதல் சென்சார் சேர்க்கும் வசதி. எல்லாம் ஒரே தொகுதியில் இருக்கும் ஆல்-இன்-ஒன் வகை மலிவு, மாட்டுவதும் எளிது. ஆனால் காற்றுமானி உயரத்தில் இருக்க விரும்பும், மழைமானி தாழ்வாக இருக்க விரும்பும், வெப்பமானி நிழலையும் மண் தரையையும் விரும்பும். மூன்றையும் ஒரே கம்பத்தில் கட்டினால் எதற்கும் முழு நியாயம் கிடைக்காது. ஈகோவிட் போன்ற நிறுவனங்களின் அமைப்பில் தனி வெப்ப-ஈரப்பத சென்சார் ஒன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். டேவிஸ் வான்டேஜ் ப்ரோ 2 வகையில் காற்றுமானியைக் கேபிள் நீளத்துக்குத் தள்ளி மாட்டலாம். விலைதான் பல மடங்கு.

மாடிக்குக் கொண்டுபோகும் முன்

பெட்டியைப் பிரித்த கையோடு மாடி ஏறுவது வேண்டாம். ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் ஓட விடுங்கள்.

1. வெளி சென்சாரில் முதலில் பேட்டரி போடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு ஏஏ ஆல்கலைன் போதும். விளக்கு சில விநாடி எரிந்து அணைந்து, பிறகு விட்டுவிட்டுக் கண்சிமிட்டும்.
2. அதன் பிறகே கன்சோலுக்கு மின்சாரம். இரண்டுக்கும் இடையே 2 முதல் 3 மீட்டர் இருக்கட்டும். அருகருகே ஒட்டி வைத்தாலும் சிக்னல் சரியாகப் பிடிக்காது.
3. தேடி முடிக்கும்வரை, அதாவது சில நிமிடங்கள், எந்த பட்டனையும் தொடாதீர்கள்.
4. அலகுகளை மாற்றுங்கள்: மி.மீ., செல்சியஸ், கி.மீ./மணி, ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு). பெட்டியில் இருந்து வரும்போது அங்குலத்திலும் ஃபாரன்ஹீட்டிலும் இருக்கலாம்.
5. நேர மண்டலம் +5:30. சில பழைய மாடல்களில் அரை மணி மண்டலமே இருக்காது. அப்படியானால் தானியங்கி நேர ஒத்திசைவை அணைத்துவிட்டுக் கையால் வையுங்கள். கோடைகால நேர மாற்றம் என்று ஏதாவது இருந்தால் அதையும் அணையுங்கள்.

சோலார் தகடு இருப்பதால் ரீசார்ஜபிள் பேட்டரி போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஆல்-இன்-ஒன் தொகுதிகளில் அந்தத் தகடு பேட்டரியை சார்ஜ் செய்வதில்லை. உள்ளே இருக்கும் ஒரு கெப்பாசிட்டரைத்தான் நிரப்புகிறது. பகலில் அதில் ஓடி, இரவில் பேட்டரிக்கு மாறும். ரீசார்ஜபிளின் 1.2 வோல்ட் பல நேரம் ‘பேட்டரி குறைவு’ எச்சரிக்கையைத்தான் வரவழைக்கும்.

அந்த ஒரு நாளில் கன்சோலோடு வரும் உள் சென்சாரும் வெளி சென்சாரும் ஒரே அறையில் இருந்தால், வெப்பநிலை ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஈரப்பதத்தைச் சோதிக்க சமையல் உப்பு போதும். ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில துளி நீர் விடுங்கள். அதையும் சிறிய தனி சென்சாரையும் இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். சென்சாரில் உப்பு படக் கூடாது. சரியான சென்சார் 75 சதவீதம் காட்டும். 79 காட்டினால், அமைப்பில் 4-ஐக் கழிக்கச் சொல்லிவிடலாம்.

இடம்

மழைமானிக்கான விதி எளிது. பக்கத்தில் இருக்கும் எந்தத் தடையும், மழைமானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் டேங்கின் உச்சி, புனலைவிட 2 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 4 மீட்டர் தள்ளி வையுங்கள். நான்கு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. டேங்க் நிரம்பி வழியும் குழாய் எந்தப் பக்கம் தெறிக்கிறது என்பதையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். வெயில் நாளில் மழை பதிவாகும் மர்மம் பல வீடுகளில் அங்கேதான் அவிழும். தென்னை ஓலை புனலுக்கு நேர் மேலே இருந்தால், மழை நின்ற பிறகும் சொட்டும்.

காற்றுக்கான உலக அளவுகோல் 10 மீட்டர் உயரம், தடையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு திறந்த வெளி. நகர வீட்டில் இது நடக்காத காரியம். கைப்பிடிச் சுவரில் மோதி மேலெழும் காற்று, மாடித் தளத்துக்கு ஓரிரு மீட்டர் உயரம்வரை சுழன்றுகொண்டே இருக்கும். அதற்குள் வைத்த காற்றுத்திசைமானி நாலா பக்கமும் சுற்றும். அதற்காக ஆல்-இன்-ஒன் தொகுதியை 5 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் வேறு சிக்கல் வரும்: உயரம் கூடக் கூடக் காற்று கூடும், காற்று துளிகளைப் புனலுக்கு மேலாகவே அடித்துக்கொண்டு போகும், மழை குறைவாகப் பதிவாகும். இரண்டுக்கும் நடுவே, மாடித் தளத்தில் இருந்து 2 முதல் 2.5 மீட்டர் என்பது ஏற்கத்தக்க சமரசம். சுத்தம் செய்யக் கை எட்டுவதும் அந்த உயரத்தில்தான்.

வெப்பநிலையை மாடியில் அளந்து நம்புவது வீண். அளவுகோலின்படி அது மண் அல்லது புல் தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமான நிழல் கூண்டில் இருக்க வேண்டும். மே மாதத்து மாடித் தளம் சூடேறி நள்ளிரவுவரை வெப்பத்தை உமிழும். தொகுதியோடு வரும் சிறிய வெள்ளைக் கூண்டு, காற்று ஓய்ந்த நண்பகலில் இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டுவது வாடிக்கை. ‘எங்கள் ஏரியாவில் 44 டிகிரி’ என்ற படங்களில் பல இப்படிப் பிறந்தவை. தனி சென்சார் ஒன்றை வாங்கி, வீட்டின் வடக்குப் பக்கத்துத் தோட்டத்திலோ மண் தரையிலோ, சுவரில் ஒட்டாமல் ஒன்றரை மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் வையுங்கள். ஏசியின் வெளி யூனிட் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. கூண்டை வீட்டிலேயே செய்யலாம்: வெள்ளை பிளாஸ்டிக் பூந்தொட்டித் தட்டுகள் ஏழெட்டு, நடுவில் வட்டமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக 2 செ.மீ. இடைவெளியில் திருகுக் கம்பியில் கோத்து, மேல் இரண்டை மட்டும் வெட்டாமல் விட வேண்டும்.

கம்பம்

பி.வி.சி. குழாய் வேண்டாம். காற்றில் ஆடும், ஆடும்போது டிப்பிங் பக்கெட் தானாகச் சாயும், மழை இல்லாமலே மி.மீ. ஏறும். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் பெரும்பாலான கிளாம்ப்களுக்குப் பொருந்தும். வாங்குமுன் கிளாம்பைக் கையில் எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். குழாயை மாடித் தளத்தில் துளையிட்டு நட்டால், தட்டோடுக்கு அடியில் இருக்கும் நீர்க்காப்பு உடையும். அடுத்த மழைக்குக் கீழ் அறைக் கூரை ஒழுகும். கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டில் இரண்டு கிளாம்ப், இடையே குறைந்தது 50 செ.மீ. என்று பிடிக்கலாம். அதுவும் முடியாத வாடகை வீட்டுக்கு, 20 லிட்டர் பெயின்ட் வாளியில் குழாயை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால் 45 கிலோவுக்கு மேல் எடை வரும். மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டினால் சாதாரணக் காற்றுக்குத் தாங்கும். கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் நட்டு, போல்ட், கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு உப்புக்காற்றில் நிற்காது.

குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தொகுதியின் தலையில் இருக்கும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். சாய்ந்த பக்கெட் தப்பாக எண்ணும். தொகுதியின் உடலில் பொறித்திருக்கும் திசைக் குறியைக் கைப்பேசி திசைகாட்டி பார்த்து அந்தத் திசைக்கே திருப்புங்கள், ஆனால் இரும்புக் குழாயில் இருந்து இரண்டடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் பொருட்படுத்த வேண்டியதில்லை. திசை சரிதானா என்று சென்னைக் கோடையில் ஒரு வசதியான சோதனை உண்டு: பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது மேற்கில் இருந்த முள் கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ திரும்பும், வெப்பம் இறங்கும், ஈரப்பதம் ஏறும். மூன்றும் ஒன்றாக நடந்தால் திசை சரி.

ஆர்.சி.சி. தளத்துக்குள் இருக்கும் கம்பிகள் ரேடியோ அலையை நன்றாகவே தடுக்கும். பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கு. இரண்டு தளம் கீழே கன்சோலை வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று தேடாமல், கேட்வேயை மாடிப்படி அறையிலோ மேல் தளத்து ஜன்னல் ஓரத்திலோ வையுங்கள். ரவுட்டரின் மேலேயோ ஸ்டீல் பீரோவின் பக்கத்திலோ வேண்டாம்.

மழைமானியை அளவு திருத்துவது

இதைச் செய்யாதவரை திரையில் வரும் மழை எண் ஒரு தோராயம்தான். அரை நாள் வேலை, செலவு ஏறக்குறைய இல்லை.

புனலின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 6, 6 × 6 × 3.14 = 113 சதுர செ.மீ. ஆக 1 மி.மீ. மழைக்கு 11.3 மி.லி. நீர், 30 மி.மீ. மழைக்கு 339 மி.லி. சமையலறைத் தராசில் 339 கிராம் நிறுத்தால் அதே அளவு. இணையப் பதிவேற்றத்தை முதலில் நிறுத்துங்கள். இல்லையேல் வெயில் நாளில் உங்கள் வீட்டில் மட்டும் 3 செ.மீ. மழை என்று ஊருக்கே தெரியும்.

நீரை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட் இதற்கு அருமையான கருவி. சாதாரண செட்டில் 20 சொட்டு 1 மி.லி.; விநாடிக்கு இரண்டு சொட்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் ஒரு மணி நேரத்தில் 339 மி.லி. இறங்கிவிடும். திரையில் 27.6 மி.மீ. வந்தால் 30 ÷ 27.6 = 1.09. அமைப்பில் ரெயின் கெயின் என்று இருக்கும் இடத்தில் அதைப் போட்டு, மறுபடி ஒரு தடவை ஓட்டிச் சரிபாருங்கள்.

அடுத்து அதே 339 மி.லி.யை 20 நிமிடத்தில் இறக்கிப் பாருங்கள். மணிக்கு 90 மி.மீ. வேகத்துக்குச் சமம். இப்போது எண் குறைந்தே வரும். தொட்டி சாயும் கண நேரத்தில் விழும் நீர் எண்ணப்படாமல் போவதால், மழை வலுக்க வலுக்க இழப்பு கூடும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்படி ஒரு நாளில் 10 சதவீதம் விட்டுப்போனால் ஏறத்தாழ 5 செ.மீ. கணக்கில் வராது, அது தனியாகவே ஒரு நல்ல மழை. அதனால் பக்கத்தில் நேர்ப்பக்கமுள்ள ஓர் எவர்சில்வர் டப்பாவையும் வையுங்கள். ஸ்கேல் வைத்து அளக்கும் அந்த டப்பாதான் பெருமழை நாளில் நடுவர்.

வானிலை ஆய்வு மையத்தோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவர்களுடைய மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. உங்கள் கன்சோல் பெரும்பாலும் நள்ளிரவில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். இரவு 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிந்த மழை உங்களிடம் இரண்டு நாளாகவும் அவர்களிடம் ஒரே நாளாகவும் இருக்கும். பதிவிறக்கிய தரவில் 8:30-ஐ வைத்துக் கூட்டுங்கள். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை என்ற வகைப்பாடும் அந்த 24 மணி நேரத்துக்குத்தான்.

காற்றழுத்தம்

கன்சோல் நேரடியாக அளப்பது வீட்டு உயரத்தில் இருக்கும் அழுத்தம். செய்தியில் சொல்வது கடல் மட்டத்துக்கு மாற்றியது. தாழ்வான இடங்களில் ஏறத்தாழ 8.5 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். சென்னையில் சில ஹெக்டோபாஸ்கல்தான் வித்தியாசம், கோயம்புத்தூரில் 45 வரை வரும். பக்கத்து விமான நிலையம் அரை மணிக்கொரு தரம் வெளியிடும் மெட்டார் அறிக்கையில் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து, கன்சோலில் ‘ரிலேட்டிவ்’ என்று காட்டும் கடல் மட்ட எண்ணை அதற்குச் சரிசெய்யுங்கள். காற்று ஓய்ந்த நாளாக இருக்கட்டும்.

திரையில் வரும் சூரியன், மேகம் படங்களைக் கண்டுகொள்ளாதீர்கள். அழுத்தம் இறங்கினால் மழை, ஏறினால் வெயில் என்ற குளிர்நாட்டுக் கணக்கு அது. நம் பகுதியில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு, வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல். ஆகவே பளிச்சென்ற பிற்பகலிலும் கன்சோல் மழைப் படம் போடும். நேற்று இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். நவம்பரில் நேற்றைவிட நாலைந்து ஹெக்டோபாஸ்கல் சரிந்திருந்தால் வங்கக் கடலைக் கவனிக்க வேண்டிய நேரம்.

வைஃபை

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும் அறியும். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டினால் இணைப்பு இழுத்தடிக்கும், தற்காலிகமாகப் பிரியுங்கள். அமைக்கும்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்து, கருவியின் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுங்கள். வீட்டு ஸ்டேஷன்களின் அளவுகளை வரைபடத்தில் காட்டும் வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற தளத்தில் பதிவு செய்தால் ஓர் அடையாள எண்ணும் ஒரு சாவியும் தருவார்கள். செயலியில் இரண்டையும் இட்டால் போதும். வரைபடத்தில் வீட்டின் மேலேயே குறி வைக்க வேண்டியதில்லை. மூன்று தசம இடம் 100 மீட்டர் அளவுக்குக் காட்டிவிடும், இரண்டு இடம் ஒரு கிலோமீட்டர். அண்டை வீட்டோடு ஒப்பிட அதுவே தாராளம்.

கெடுவதும் காரணமும்

பகலில் வேலை செய்து இரவில் மட்டும் தரவு நின்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது; பகலில் சோலார் காப்பாற்றுகிறது. மழை நின்று மூன்று மணி நேரம் கழித்தும் ஒரே சீராகச் சொட்டுச் சொட்டாகப் பதிவாகிறதென்றால் புனல் துளை பாதி அடைத்திருக்கிறது. தேங்கிய நீர் மெல்ல இறங்குகிறது. கொட்டும் மழையில் பூஜ்ஜியம் என்றால் முழு அடைப்பு, அல்லது பக்கெட்டுக்குள் சிலந்தி வலை, குளவியின் மண்கூடு. தெளிந்த விடியலில் ஒரே ஒரு சாய்வு வந்தால் அது பனித்துளியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். காற்றுத்திசை நாள் முழுக்க ஒரே எண்ணில் நின்றால் முள்ளின் அடியில் இருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். மழை ஓய்ந்து நாட்கள் கடந்தும் ஈரப்பதம் 99-லேயே நின்றால் சென்சார் முடிந்தது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

காகத்துக்கு மருந்து நைலான் கேபிள் டை. புனலின் வெளிவிளிம்பைச் சுற்றி ஏழெட்டைக் கட்டி, வால்களை வெட்டாமல் மேல்நோக்கி நிறுத்துங்கள். உட்கார இடமில்லாமல் போய்விடும்.

மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் புனலைக் கழற்றி, வேப்பிலை, தூசு, எச்சம் எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பக்கெட்டின் அச்சில் எண்ணெய் போடக் கூடாது, தூசு ஒட்டும். கழுவும்போது ஏறிய மி.மீ.யை அன்றே கன்சோலில் நீக்கிவிடுங்கள், ஆண்டுக் கணக்கில் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிப்பது சிரமம். பேட்டரியையும் செப்டம்பரிலேயே மாற்றிவிடுவது நல்லது. நவம்பர் மழையில் நனைந்தபடி மாடியில் மூடியைத் திறந்தால் உள்ளே நீர் புகும். இடி இடிக்கும்போது ஜி.ஐ. கம்பத்தின் பக்கம் போகவே கூடாது.

புயல் வருகிறதென்றால் முந்தின நாள் இழுப்புக் கம்பிகளை முறுக்கி, கிளாம்ப் போல்ட்களைச் சோதியுங்கள். மின்சாரம் முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்படும் என்பதால் ரவுட்டரையும் கேட்வேயையும் ஒரு மினி யு.பி.எஸ்.ஸில் போட்டு வையுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது சென்னையில் மரங்களே வேரோடு சாய்ந்தன; அந்த வேகம் எதிர்பார்க்கப்பட்டால், அதுவும் வாளிக் கான்கிரீட்டில் நிற்கும் கம்பம் என்றால், யோசிக்காமல் இறக்கிவிடுங்கள். பக்கத்து வீட்டின் மேல் விழுந்தால் இழப்பு தொகுதியோடு நிற்காது. எவர்சில்வர் டப்பாவை மட்டும் நாலு செங்கல்லுக்கு நடுவே, செங்கல்லின் உயரத்துக்கு மேல் வாய் தெரியும்படி வைத்துவிட்டு, காலை 8:30-க்கு அளந்து, கம்பத்தை மறுபடி ஏற்றியதும் அந்த எண்ணைக் கன்சோலின் மாத, ஆண்டு மழைக் கணக்கில் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.